பிளாக் கரண்டை முந்திரிகை போல வெட்டாதீர்கள்

தங்கச்சி, அந்தப் பற்றைகளைப் பிடுங்க வேண்டாம். அவை பட்டுப்போகவில்லை.

நீங்கள் கேட்டது இதுதான்: நீர்வேலியிலிருந்து இங்கிலாந்து வந்து ஒன்றரை வருடம். வாடகை வீட்டின் பின்வளவில், கறுப்பாய்ச் சிறு புளிப்புப் பழம் காய்க்கிற பிளாக் கரண்ட் பற்றைகள் மூன்று நின்றன. போன மாசியில், ஊரில் அப்பா முந்திரிகையை (திராட்சைக் கொடியை) வெட்டுவது போல ஒட்ட வெட்டினீர்கள். கோடையில் மதாளித்து வளர்ந்தும் ஒரு பழம் இல்லை. பிடுங்கிவிடலாமா, ஒரு தடியை ஊருக்குக் கொண்டுபோய் நடலாமா?

பொங்கலுக்கு வந்து, இணுவிலில் அம்மாவின் வீட்டு விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். அயல்வீட்டு முந்திரிகைப் பந்தல் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. உங்கள் அப்பா செய்தது சரி. முந்திரிகையை வெட்டினால் புதிதாக வருகிற தளிரிலேயே குலை பிடிக்கும். பிளாக் கரண்ட் அப்படியல்ல. இந்த வருடம் விடுகிற கொப்பு அடுத்த வருடம்தான் நன்றாகக் காய்க்கும். போன கோடையின் பழம் முழுவதும் நீங்கள் வெட்டிய கொப்புகளோடு போய்விட்டது. பரவாயில்லை, அதற்குப் பிறகு மதாளித்ததாகச் சொன்னீர்களே, அந்தக் கொப்புகள் வருகிற ஆடியில் காய்க்கும். இந்தக் குளிர்காலம் மெலிந்ததையும் நிலத்தில் படுத்ததையும் மட்டும் எடுங்கள்.

அடுத்த வருடம் தொடக்கம் வாழையை நினைத்துக்கொள்ளுங்கள். குலை வெட்டியதும் தாயைச் சரித்துக் குட்டிக்கு இடம் விடுவதை நீர்வேலிப் பிள்ளைக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இதுவும் அதேதான். இலை கொட்டியபின், கார்த்திகைக்கும் மாசிக்கும் இடையில், கறுத்துத் தடித்த கிழட்டுக் கொப்புகளில் மூன்றில் ஒரு பங்கை நிலத்தோடு வெட்டுங்கள். வெளிர் மண்ணிறக் கொப்புகள் இளசு, அவற்றில் கைவைக்க வேண்டாம். சிவப்புக் கரண்ட் வெட்டுபவரைப் பார்த்தும் செய்யாதீர்கள். அது பழைய கொப்பில் காய்க்கிற இனம்.

நன்றாகத் தின்னும் செடி இது. மாசி, பங்குனியில் மக்கிய எருவைத் தண்டில் முட்டாமல் அடியில் பரப்புங்கள். சித்திரையில் பூத்திருக்கும்போது உறைபனி விழும் என்றால் இரவில் மெல்லிய துணி போர்த்தி, தேனீ வருவதற்காகக் காலையில் எடுத்துவிடுங்கள். பழம் கறுக்கத் தொடங்கியதும் வலை கட்டாவிட்டால் எல்லாம் குருவிக்குத்தான்.

இன்றைக்கே வளவுக்குப் போய் அரும்புகளைப் பாருங்கள். நல்ல அரும்பு ஒடுங்கிக் கூராக இருக்கும். பட்டாணி போல உருண்டு வீங்கியிருந்தால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள் இருக்கின்றன. எனக்கு இது தெரியாமல், நண்பர் தந்த தடிகளை ஆசையோடு நட்டேன். அந்த உண்ணிகள் ஒரு வைரசையும் பரப்பும். அதற்கு மருந்து கிடையாது. மூன்றே வருடத்தில் பழம் அருகி, ஆறு பற்றைகளையும் கிண்டி எரிக்க வேண்டி வந்தது. மனம் மிகவும் நொந்துபோனேன். பிறகு வேறு இடத்தில் பென் ஹோப் என்ற இனத்தை வைத்தேன். ஸ்கொட்லாந்தில், டண்டீக்குப் பக்கத்து இன்வர்கௌரியில் உருவாக்கிய இனம், இந்த உண்ணியைத் தாங்கும். புதிதாக வாங்கினால் அதையே வாங்குங்கள். முன்பு மண் நின்ற அடையாளத்திலிருந்து 5 சென்டிமீற்றர் ஆழமாக நட்டால் அடியிலிருந்து நிறையக் கொப்பு வெடிக்கும்.

ஊருக்குத் தடி கொண்டுவருகிற எண்ணத்தை விட்டுவிடுங்கள். அரும்பு உறங்கி எழும்ப, பல இனங்களுக்கு 7 பாகைக்குக் கீழான குளிர் ஆயிரம் மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். யாழ்ப்பாணத்தில் தை மாத இரவிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. இலை விட்டாலும் பழத்தை எதிர்பார்க்க முடியாது. அனுமதியில்லாமல் செடித்தடி கொண்டுவருவதும் சட்டப்படி பிழை, அதோடு நோயும் வந்து சேரும். நான் ஜாம் போத்தல்தான் கொண்டுவந்தேன். அம்மா பாணில் பூசிச் சாப்பிட்டுவிட்டு, நாவற்பழத்தின் புளிப்பு மாதிரி இருக்கிறதென்றா.

தடி நடத்தான் ஆசையென்றால் அங்கேயே நடுங்கள். வருகிற கார்த்திகையில் நோயில்லாத இளங்கொப்பில் 25 சென்டிமீற்றர் துண்டுகளாக வெட்டி, மேல் அரும்பு இரண்டு மட்டும் வெளியே தெரிய, கிளுவைக் கதியால் ஊன்றுவது போல ஊன்றுங்கள். ஒரு வருடத்தில் வேர் பிடித்துவிடும். வாடகை வீடுதானே, மாறும்போது அவற்றைக் கிளப்பி உங்களோடு கொண்டுபோகலாம்.