தாருக்கு அடியில் என்ன இருக்கிறது? – பழைய கார் கேள்வி பதில்

கேள்வி: அப்பா 1978-ல் வாங்கிய மார்க் 3 அம்பாசடர் எங்களிடம் இருக்கிறது. ஆறேழு வருடமாக ஷெட்டிலேயே நின்றுவிட்டது. போன வாரம் டிரைவர் பக்கத்துக் கால்மிதி மேட்டைத் தூக்கினால் ஃப்ளோர் தகடு அப்பளம் மாதிரி நொறுங்குகிறது, ஓட்டை வழியே தரை தெரிகிறது. டிங்கர் ஒருவர், "மேலேயே ஒரு தகடு வச்சு ஒட்டி, கீழே தார் அடிச்சுத் தர்றேன் சார், ரெண்டே நாள்" என்கிறார். செய்யலாமா? – வாசகர், திருமங்கலம்

பதில்: வேண்டாங்க. தயவுசெய்து வேண்டாம். துருப்பிடித்த தகட்டின் மேல் புதுத் தகட்டை வைத்து ஒட்டினால் இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி விழும், அதில் இறங்குகிற தண்ணீர் காயவே காயாது, பழைய துரு புதுத் தகட்டையும் சேர்த்துத் தின்னும். கீழே தார் பூசிவிட்டால் அது நடப்பது உங்கள் கண்ணுக்கும் தெரியாது. நான் முதன்முதலில் வாங்கிய பத்மினி கார் இப்படித்தான் வந்தது. அடிப்பக்கம் கறுப்பாகப் பளபளவென்று இருந்தது, பார்த்து மயங்கிவிட்டேன். ஒரு மழைக்காலம் போன பிறகு ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்தினேன், கைப்பிடி வரைக்கும் உள்ளே போனது. தாரை உரித்தால் உள்ளே பட்டி (ஓட்டையை அடைக்கப் பூசும் பசை), பட்டிக்குள்ளே செய்தித்தாள்! தகடு என்று சொல்லிக்கொள்ள அங்கே ஒன்றுமே இல்லை. அந்தப் பட்டறை எது என்பது இப்போது முக்கியமில்லை, ஆனால் அந்தக் காரில் என் பிள்ளைகளை உட்கார வைத்து எத்தனையோ முறை அழகர்கோவில் போய் வந்திருக்கிறேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஷெட்டில் நின்ற காருக்கு ஏன் ஓட்டை? பெரும்பாலும் முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் காய்ந்து வெடித்திருக்கும், நிற்கப்போகும் முன்பு ஓடிய நாட்களில் மழைத் தண்ணீர் டேஷ்போர்டுக்குப் பின்னால் வழிந்து மேட்டுக்கு அடியில் இருக்கும் சணல் விரிப்பில் ஊறியிருக்கும். சணல் ஈரத்தை விடாது. ஃப்ளோரில் தண்ணீர் வடிவதற்கென்று வைத்த துளைகளை யாராவது தார் அடிக்கும்போது அடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். கண்ணாடி பீடிங்கை மாற்றாமல் ஃப்ளோரை மட்டும் மாற்றினால் பணம் வீண்.

அடுத்தது, ஓட்டை தெரிகிற இடத்தோடு நிறுத்தாதீர்கள். அம்பாசடருக்கு லாரி மாதிரித் தனி சேஸ் கிடையாது, பாடியேதான் பாரத்தைத் தாங்குகிறது. அதனால் கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற சில், பின் பட்டை ஸ்பிரிங்கின் முனைகள் பாடியில் மாட்டுகிற இடங்கள், ஜாக்கி வைக்கிற இடங்கள் எல்லாவற்றையும் ஸ்க்ரூடிரைவரால் குத்தி, சின்னச் சுத்தியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று சத்தம் கொடுக்கும், செத்த தகடு பொத்தென்று சொல்லும். ஃப்ளோர் மட்டும் போயிருந்தால் நடுத்தரமான வேலை. சில்லும் போயிருந்தால் பெரிய வேலை, ஆனால் செய்யக்கூடியதுதான், பயப்படாதீர்கள்.

சில்லை வெட்டுவதற்கு முன் கதவு நிற்கும் இடத்தில் குறுக்கே ஆங்கிள் இரும்பு வைத்து டேக் அடித்துக்கொள்ள, அதாவது அங்கங்கே புள்ளி வெல்டிங் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காரின் பாரம் சக்கரத்தில் நிற்பது போலவே தாங்கலில் நிற்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டக்கூடாது, ஒரு பக்கம் முடித்து, கதவை மாட்டிச் சாத்திப் பார்த்துவிட்டு அடுத்த பக்கம் போகலாம். இதை விட்டுவிட்டால் வண்டி நடுவில் லேசாகத் தொங்கிவிடும், அப்புறம் எந்த ஜென்மத்திலும் கதவு சரியாகப் பொருந்தாது.

வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள், பெட்ரோல் டேங்கை இறக்கி வேறு இடத்துக்கே கொண்டுபோய்விடுங்கள். "டேங்க் காலிதானே" என்று ஒருவரும் சொல்லக்கூடாது, காலி டேங்கில் நிற்கிற ஆவிதான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து. பிரேக் பைப், வயரிங் எங்கே ஓடுகிறது என்று பார்த்து ஒதுக்கி வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கீழே படுக்க வேண்டாம், ஸ்டாண்டு வேண்டும்.

துருப்பிடித்ததைப் பளபளக்கிற இரும்பு தெரிகிற வரை வெட்டி எடுத்துவிட வேண்டும். ஃப்ளோருக்கு 18 கேஜ் தகடு, அதாவது சுமார் 1.2 மில்லிமீட்டர், போதும். 2014-ல் உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசடர் தயாரிப்பு நின்றுபோன பிறகு புது ஃப்ளோர் கிடைக்கும் என்று காத்திருப்பதைவிட, கை நல்ல டிங்கரிடம் பழைய தகட்டையே மாதிரியாகக் கொடுத்து, அந்த மேடு பள்ளக் கோடுகளோடு அடிக்கச் சொல்வது மேல். அந்தக் கோடுகள் அழகுக்கு இல்லை, தகடு அதிராமல் இருக்கத்தான். கேஸ் வெல்டிங்கைவிட சி.ஓ.டூ வெல்டிங் நல்லது, சூடு ஓரிடத்தோடு நிற்கும். அதிலும் ஒரே இழுப்பாக ஓட்டாமல் இங்கே ஒரு அங்குலம், அங்கே ஒரு அங்குலம் என்று மாற்றி மாற்றி வைத்தால் தகடு நெளியாது.

ஒட்டு முடிந்ததும் இணைப்புகளில் சீலர், அப்புறம் மேலும் கீழும் இரண்டு கோட் எபாக்ஸி பிரைமர். மேலும் கீழும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். வெறும் ரெட் ஆக்சைடு ஒரு கோட் அடித்து மாசக்கணக்கில் அப்படியே விடுகிற பழக்கம் நம் ஊரில் உண்டு. பிரைமர் என்பது பெயிண்டுக்குப் படுக்கை, அது தனியாகத் தண்ணீரைத் தடுக்காது. அதன் மேல் பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்ட். கல் தெறிக்கிற சக்கரக் குழிகளில் மட்டும் தடித்த அண்டர்கோட்டிங். கடைசியில் சில்லின் உள்ளே, பெட்டி மாதிரி மூடிய பகுதிகளுக்குள்ளே, துளை வழியாக நீளமான குழாய் விட்டு மெழுகு ஸ்ப்ரே அடிக்க வேண்டும். இதை நம் பட்டறைகளில் கேட்டு வாங்கினால்தான் செய்வார்கள், கேளுங்கள். இரண்டு நாளில் முடியாது, மூன்று நான்கு வாரம் ஆகும். அப்பாவின் வண்டிக்கு அது தகும்.

கேள்வி: தாத்தா காலத்து அம்பாசடர், வயல் வேலைக்கும் ஓடியது. போன ஐப்பசியில் அடிப்பக்கம் தேய்த்து பெயிண்ட் அடித்தோம். ஆறே மாதத்தில் பாளம் பாளமாக உரிகிறது. டிக்கி ஃப்ளோர்தான் ரொம்ப மோசம். – வாசகி, மேலூர் அருகே

பதில்: டிக்கியில் உர மூட்டை ஏற்றினீர்களா? பெரியாறு பாசனப் பக்கத்தில் பார்த்த பழைய அம்பாசடர்களில் முதலில் நான் கேட்பது இதைத்தான். பொட்டாஷ் என்பதே ஒரு வகை உப்பு. யூரியாவும் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். சிந்திய தூள் மூலையில் கிடந்து ஒவ்வொரு மழைக்கும் ஊறி இரும்பைத் தின்றிருக்கும். அந்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவி எடுக்காமல் வயர் பிரஷ் மட்டும் போட்டால் பெயிண்டுக்கு அடியில் அது மறுபடி வேலையைத் தொடங்கிவிடும்.

இன்னொன்று, சர்வீஸ் ஸ்டேஷனில் பல வருடம் அடிப்பக்கத்துக்குக் கழிவு ஆயில் அடித்திருப்பீர்கள். அது துருவைக் கொஞ்சம் தடுத்தது உண்மைதான், ஆனால் ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும், எண்ணெய் பட்ட இரும்பில் எந்தப் பெயிண்டும் பிடிக்காது. முதலில் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் டீகிரீசர் போட்டுக் கழுவ வேண்டும், பிறகுதான் பிரஷ். மாற்றிச் செய்தால் பிரஷ்ஷே எண்ணெயை இரும்பின் மேல் பரப்பிவிடும்.

ஐப்பசியில் அடித்ததும் ஒரு காரணம். அடைமழைக் காலத்தில் தேய்த்த இரும்பு இரவு தாண்டுவதற்குள் மஞ்சள் பூத்துவிடும். ஆடியில் தூசி, அக்னி நட்சத்திரத்தில் தின்னர் பெயிண்ட் பரவும் முன்பே பறந்துவிடும். நம் பக்கத்துக்கு மாசி, பங்குனி நல்ல காலம். காலை பத்து மணிக்கு மேல், தேய்த்த அன்றே பிரைமர்.

பிரேக் ஹோஸ், ஹேண்ட்பிரேக் கேபிள், கிரீஸ் ஏற்றுகிற முனைகளான நிப்பிள்கள் எல்லாவற்றையும் பேப்பர் சுற்றி மூடிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். போன தடவை மூடாமல் அடித்திருந்தால் நிப்பிள்களைச் சுரண்டி, கிரீஸ் ஏறுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: வருடம் இரண்டு முறை குடும்பத்தோடு ராமேஸ்வரம் போவோம், ஃபியட்டில்தான். கடல் காற்று கெடுக்குமா? – வாசகர், மானாமதுரை

பதில்: கெடுக்கும், ஆனால் போகாமல் இருக்க வேண்டியதில்லை. திரும்பி வந்த அன்றோ மறுநாளோ நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவுங்கள், முக்கியமாகச் சக்கரக் குழிகளின் உள் விளிம்பு. உங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அது வேண்டாம். கழுவிய கையோடு மூடிப் போட்டு நிறுத்தாமல் கொஞ்ச தூரம் ஓட்டிக் காயவிடுங்கள்.

கேள்வி: அடிப்பக்கத்துக்கும் பாடி கலரே அடிக்கலாமா? ஆர்.சி.யில் மாற்ற வேண்டுமா? – வாசகர், செல்லூர்

பதில்: தாராளமாக. வெளிர் கலர் என்றால் இன்னும் நல்லது, புதுத் துரு முளைத்தால் உடனே கண்ணில் படும். வெளியே தெரிகிற பாடி கலரை மாற்றினால்தான் ஆர்.சி.யில் பதிய வேண்டும், அடிப்பக்கத்துக்குத் தேவையில்லை. ஆனால் சேஸ் நம்பர் பொறித்த இடத்தில் கிரைண்டரை வைக்க விடாதீர்கள். வேலை தொடங்கும் முன்பே அதைப் போட்டோ எடுத்து, மேலே டேப் ஒட்டி, "இதைத் தொடாதே" என்று எழுதிவிட்டுப் பட்டறையில் விடுங்கள். எண் அழிந்த வண்டியை எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) கொண்டுபோய் நிற்கிறவர்களின் அலைச்சலைப் பார்த்திருக்கிறேன்.