'டிவோட்' போட்டால் கூடவே எதைப் போடுவது?

கேள்வி: வணக்கம் டீச்சர். கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். ஒரு லாரி கம்பெனியில் கிளார்க் வேலை. அங்கேயே சூப்பர்வைசர் வேலை காலியாக இருக்கிறது என்று மனு எழுதினேன். அதில் 'ஐ வில் டிவோட் ஃபார் மை வொர்க் ஃபுல்லி' என்று ஒரு வரி. அக்கா மகள் பார்த்துவிட்டுத் தப்பு என்கிறாள், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. திருத்தித் தாருங்கள். இந்தச் சொல்லை வேறு எங்கெல்லாம் போடலாம் என்றும் சொன்னால் நல்லது.

பதில்: அக்கா மகள் சொன்னது சரிதான். உங்கள் வரியில் இரண்டு இடத்தில் இடிக்கிறது. இரண்டும் நம் ஆட்களிடம் அடிக்கடி பார்ப்பவை.

முதலாவது, எதைக் கொடுக்கிறீர்கள் என்பதே வரியில் இல்லை. 'டிவோட்' (devote) என்றால் நேரத்தையோ உழைப்பையோ ஒன்றுக்கென்றே கொடுப்பது. இந்த வினையின் வேர் லத்தீனில் நேர்ந்துகொள்வது, சபதம் செய்வது. நமக்கு இது அந்நியமில்லை. தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கு டத்தோ கெராமாட் சாலையில் ரதத்துக்கு முன்னால் தேங்காய் உடைக்கிறார்களே, அந்த நேர்த்திக்கடன்தான். 'முருகனுக்கு நேர்ந்துகொண்டேன்' என்று மட்டும் சொன்னால் பாட்டி விடமாட்டார், 'என்ன நேர்ந்துகிட்ட?' என்று கேட்பார். தேங்காயா, காவடியா, மொட்டையா? 'டிவோட்' எழுதும்போதும் இரண்டு கேள்விக்குப் பதில் வேண்டும்: என்ன கொடுக்கிறேன், எதற்குக் கொடுக்கிறேன். நேரம், சக்தி, கவனம், பணம், வாழ்நாள் என்று ஏதாவது ஒன்றை வினைக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, அந்த 'ஃபார்'. தமிழில் 'வேலைக்காக நேரம் ஒதுக்குகிறேன்' என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். மலாயிலும் 'உந்துக்' என்று வாயில் வந்துவிடும். இரண்டும் சேர்ந்து கையை 'ஃபார்' பக்கம் தள்ளிவிடுகின்றன. ஆங்கிலத்தில் இந்த வினைக்கு 'டு'தான். 'வேலைக்கு' என்பதில் வரும் வெறும் 'கு' என்று வைத்துக்கொள்ளுங்கள், 'காக' வேண்டாம்.

'டு'வில் ஒரு வலை இருக்கிறது, மூயெட் (மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வு) எழுதுகிற பிள்ளைகள்கூட இதில் விழுவார்கள். 'டு' பார்த்ததும் 'டு ஸ்டடி', 'டு ஹெல்ப்' என்று அடுத்த வினையை அப்படியே ஒட்டிவிடுவது. இங்கே அது செல்லாது. பின்னால் வருவது பெயராக இருக்க வேண்டும், அல்லது 'இங்' வாலோடு வரும் வினையாக இருக்க வேண்டும். 'ஷி டிவோட்ஸ் ஹெர் ஈவ்னிங்ஸ் டு டீச்சிங் தமிழ்' சரி, 'டு டீச் தமிழ்' தப்பு. 'லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ' என்று தினமும் ஈமெயிலில் எழுதுகிறீர்கள் அல்லவா, அதே 'டு'தான் இது.

ஆளே முழுசாக இறங்கிவிட்டால் 'மைசெல்ஃப்', 'ஹிம்செல்ஃப்' போட்டு எழுதலாம். ஆனால் அது கனமான பேச்சு. தமிழ் முரசு பத்திரிகையை 1935-இல் தொடங்கி, பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டினாரே கோ. சாரங்கபாணி, அவரைப் பற்றி 'ஹி டிவோட்டட் ஹிம்செல்ஃப் டு தமிழ்' என்றால் பொருந்துகிறது. டெலிவரி ஆர்டர் சரிபார்க்கும் வேலைக்கு எழுதினால் படிப்பவர் சிரித்துவிடுவார்.

மனுவில் 'ஐ ஏம் டிவோட்டட்' என்று எழுதுவதும் எனக்குப் பிடிக்காது. 'டிவோட்டட்' என்று ஆளைச் சொன்னால் பாசம், விசுவாசம் முன்னால் வந்து நிற்கும். 'டிவோட்டட் ஹஸ்பண்ட்', 'டிவோட்டட் மதர்' என்பார்கள். 'ஐ ஏம் டிவோட்டட் டு மை மேனேஜர்' என்று எழுதிவிடாதீர்கள், ஆபீஸில் வேறு கதை ஓடும்! வேலை விஷயத்தில் 'கமிட்டட் டு' பாதுகாப்பானது, அதற்கும் பின்னால் அதே 'இங்'தான்.

சரி, உங்கள் வரி. இலக்கணம் மட்டும் திருத்தினால் 'ஐ வில் டிவோட் ஆல் மை எனர்ஜி டு திஸ் ஜாப்' என்று ஆகும். தப்பில்லை, ஆனால் எல்லார் மனுவிலும் இருக்கிற வரி. இனிமேல் கொடுக்கப் போவதைவிட ஏற்கெனவே கொடுத்ததைச் சொன்னால் மேனேஜர் கண் நிற்கும். 'ஐ ஹேவ் டிவோட்டட் மை சாட்டர்டே மார்னிங்ஸ் டு லேர்னிங் த அக்கவுண்ட்ஸ் சிஸ்டம்' என்பது போல. சனிக்கிழமை நிஜமாகவே போயிருந்தால் மட்டும் எழுதுங்கள், இன்டர்வியூவில் கேட்பார்கள்.

மற்ற இடங்கள் சுலபம். பத்திரிகை ஒரு முழுப் பக்கத்தைப் பத்துமலைக்கு ஒதுக்கினால், 'த பேப்பர் டிவோட்டட் எ ஃபுல் பேஜ் டு பத்துமலை'. மீட்டிங்கில் பாதி நேரம் சம்பளப் பேச்சிலேயே போனால், 'ஹாஃப் த மீட்டிங் வாஸ் டிவோட்டட் டு சேலரிஸ்'. பக்தி, தியாகம் எதுவும் இல்லாமல் வெறும் ஒதுக்கீடாகவே இப்படி எழுதலாம்.

புத்தகத்தை அம்மாவுக்குக் காணிக்கையாக்குவது, ரேடியோவில் நண்பனுக்குப் பாட்டுப் போடச் சொல்வது, இதெல்லாம் 'டெடிக்கேட்'. நேரத்தையும் உழைப்பையும் பற்றிப் பேசும்போது இரண்டில் எதைப் போட்டாலும் பெரிய வித்தியாசமில்லை.

தைப்பூசச் செய்திகளில் வரும் பக்தர் 'டெவட்டீ', கடைசி அசையை அழுத்திச் சொல்ல வேண்டும். தெய்வபக்தி மிகுந்தவரைக் குறிக்கும் அடைமொழி 'டிவவுட்', அது வேறு சொல். உங்கள் மனுவில் இவை இரண்டுக்கும் வேலை இல்லை.