எர்த் பின்னைக் கழற்றினால் ஆம்ப்ளிஃபையரின் ஹம்மிங் நின்றுவிடுகிறது, அப்படியே விட்டுவிடலாமா?

கேட்டவரின் நிலைமை இது: 1960களில் வந்த அமெரிக்க வால்வ் (கண்ணாடிக் குழாய்) கிட்டார் ஆம்ப். இரண்டு பின் வயரை மாற்றி மூன்று பின் போட்டதிலிருந்து 'உம்ம்ம்' என்று ஓயாமல் இரைகிறது. பெடலுக்கான அடாப்டரும் ஒரு மிக்ஸரும் கூடவே இணைந்திருக்கின்றன. எர்த்தைக் கழற்றினால் சத்தம் போய்விடுகிறது.

வேண்டாங்க. முதல் வேலையாக அந்தப் பின்னைத் திரும்ப மாட்டுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நான் இருப்பது கொடைக்கானல், நாயுடுபுரம் பக்கம். 1845இல் அமெரிக்க மிஷனரிகள் வீடு கட்டிக் குடியேறிய ஊர் இது. அமெரிக்கக் கரண்டுக்கென்று செய்த 117 வோல்ட் சாமான்கள் இன்றும் யார் வீட்டுப் பரணிலிருந்தாவது இறங்கி என் மேஜைக்கு வரும். அப்படி ஒரு ஆம்ப், இங்கே ஒரு சின்ன சர்ச்சில் இருந்தது. டிசம்பர் மாதம், கேரல் பயிற்சி. பனி இறங்கி சிமெண்ட் தரை ஈரமாகக் கிடந்தது. கிட்டார் கம்பியைப் பிடித்தபடி மைக்கில் வாய் வைத்த தம்பி, சுரீரென்று பின்னால் சாய்ந்தான். கீழுதட்டில் மிளகளவு வெள்ளையாக ஒரு புள்ளி. மைக்கின் வலைக்கும் கிட்டார் கம்பிக்கும் நடுவே மீட்டரை வைத்தேன். 108 வோல்ட் காட்டியது. ஹம்மிங் வருகிறது என்று யாரோ எர்த் பின்னை வெட்டியிருந்தார்கள்.

பின் இல்லாவிட்டால் ஏன் ஷாக் அடிக்கிறது? அந்தக் கால அமெரிக்க ஆம்ப்களில் மெயின்ஸின் ஒரு வயரிலிருந்து சேசிஸுக்கு, அதாவது ஆம்பின் உலோக உடம்புக்கு, ஒரு சின்ன கண்டன்சர் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் 0.047 மைக்ரோஃபாரட். ஃபெண்டர் ஆம்ப்களின் பின்பக்கம் 'கிரவுண்ட்' என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். இந்தக் கண்டன்சரை எந்த வயரோடு சேர்ப்பது என்று மாற்றத்தான் அது. டெக்னீஷியன்கள் இந்தக் கண்டன்சரை 'டெத் கேப்', அதாவது சாவுக் கண்டன்சர் என்பார்கள், காரணத்தோடுதான். நல்ல நிலையில் இருந்தாலே நம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் சுமார் 3 மில்லி ஆம்பியர் கசிய விடும். அது ஷார்ட் ஆனால் முழு மின்சாரமும் சேசிஸில், அங்கிருந்து கம்பியில், அங்கிருந்து உங்கள் கையில். 230 வோல்ட்டை 117 ஆக இறக்க இங்கே கிடைக்கும் ஸ்டெப் டவுன்களில் பல, ஒரே சுருளால் ஆன ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்கள். அவை வோல்டேஜைக் குறைக்குமே தவிர, லைனிலிருந்து உங்களைப் பிரித்து வைக்காது. ஆகவே மூன்று பின் போடும்போதே அந்தக் கண்டன்சரை வெட்டி எடுத்துவிட வேண்டும். பச்சை வயருக்கு (எர்த்) தனி போல்ட், பல்லுள்ள வாஷர். டிரான்ஸ்ஃபார்மர் போல்டில் சேர்த்து முறுக்காதீர்கள். அந்த வயரை மற்ற இரண்டையும் விட இரண்டு விரற்கடை நீளமாக விடுங்கள். யாராவது கால் தடுக்கி வயரை இழுத்தாலும் எர்த் கடைசியாகத்தான் அறும்.

இனி உங்கள் சத்தம். எர்த்தைக் கழற்றினால் நிற்கிறது என்றாலே எனக்கு முதல் சந்தேகம் ஆம்ப் மேல் இல்லை. மிக்ஸருக்கு ஒரு எர்த், ஆம்புக்கு ஒரு எர்த், இரண்டையும் சேர்க்கிற ஆடியோ கேபிளின் ஷீல்டு: ஒரு வளையம் உருவாகிவிட்டது. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டிப் பாருங்கள். பாதி வீடுகளில் அதோடு தீர்ந்துவிடும். தீராவிட்டால் மிக்ஸருக்கும் ஆம்புக்கும் நடுவே ஆடியோ ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். வளையத்தை வெட்ட வேண்டிய இடம் சிக்னல் வயர், எர்த் அல்ல.

மற்றதையெல்லாம் விலக்கிக் கிட்டாரை மட்டும் மாட்டினாலும் இரைகிறதா? அப்போது காதைத் தீட்டுங்கள். இதை நான் யார் வந்தாலும் செய்துகாட்டுவேன். ஆறாவது கம்பி, மூன்றாவது ஃப்ரெட், ஜி. அது 98 ஹெர்ட்ஸ். ஹம்மிங் கிட்டத்தட்ட அந்தச் சுருதியில், ஒரு மயிரிழை மேலே நின்றால் அது 100 ஹெர்ட்ஸ். ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிஃபையரைத் தாண்டி வரும் அலை, அதாவது அதைச் சமப்படுத்த வேண்டிய ஃபில்டர் கண்டன்சர் காய்ந்துவிட்டது. அதே ஜி ஒரு ஸ்தாயி கீழே, வயிற்றில் உணர்கிற மாதிரி வந்தால் 50 ஹெர்ட்ஸ். எர்த் வளையம், அல்லது வால்வ் ஹீட்டரின் 6.3 வோல்ட் லைன். அமெரிக்கக் குறிப்புகளில் 60, 120 என்று படித்துக் குழம்ப வேண்டாம். அது அவர்கள் ஊர்க் கரண்ட்.

அடுத்து வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். சத்தம் கூடவே இறங்கினால் கோளாறு வால்யூமுக்கு முந்தைய பகுதியில்: முதல் வால்வ், ஜாக், அல்லது கிட்டார். இறங்கவே இல்லை என்றால் பவர் சப்ளை, அவுட்புட் பக்கம். கம்பியைத் தொட்டால் மட்டும் குறைகிறது என்றால் ஆம்ப் மேல் பழி போடாதீர்கள். உங்கள் உடம்பே ஒரு ஆன்டெனா. கம்பியைத் தொட்டதும் அது கிரவுண்டோடு சேர்ந்துவிடுகிறது. கிட்டாருக்குள் ஷீல்டிங் போதாது, அவ்வளவுதான்.

ஃபில்டர் கண்டன்சர் மாற்றுவது உங்களால் முடிகிற வேலைதான், பயத்தோடு செய்தால். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 400 வோல்ட் உட்கார்ந்திருக்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை முதலைக் கிளிப்பில் கோர்த்து, பிளஸ்ஸிலிருந்து சேசிஸுக்கு அரை நிமிடம் பிடியுங்கள், பிறகு மீட்டரில் பாருங்கள். ஒரு கை பாக்கெட்டில் இருக்கட்டும். ரெக்டிஃபையரும் வால்வாக இருந்தால் முதல் கண்டன்சரைப் பழைய அளவிலேயே வையுங்கள். பெரிதாக்கினால் வால்வ் போய்விடும். புதுசு போட்ட பிறகும் இரைந்தால், முதல் கண்டன்சரின் மைனஸும் டிரான்ஸ்ஃபார்மரின் சென்டர் டேப்பும் (சுருளின் நடு வயர்) ஒரே புள்ளியில் சேர்கிறதா என்று பாருங்கள். அந்தப் புள்ளி இன்புட் ஜாக்கிலிருந்து தள்ளி இருக்க வேண்டும்.

நம் மலைக்கென்றே ஒரு தொந்தரவு உண்டு: ஈரம். ஜாக்கின் உள்நாக்கில் பச்சை பூத்துக் கிரவுண்ட் விட்டு விட்டுப் போகும். பழைய ஃபைபர் போர்டும் ஈரத்தை உறிஞ்சிக் கரண்டைக் கசிய விடும், சடசடப்பு வரும். ஒரு மழைக்காலம் மூடியே கிடந்த ஆம்ப் என்றால், மற்ற வேலைக்கு முன்னால் கண்டன்சரைக் காலி செய்துவிட்டு, ஹேர் டிரையரால் அரை மணி நேரம் மெதுவாக உலர்த்துவேன்.

அந்த சர்ச்சுக்கு வருகிறேன். டெத் கேப்பை எடுத்து, மூன்று பின் போட்டும் கம்பியைத் தொட்டால் சுர்ரென்பது போகவில்லை, ஹம்மிங்கும் போகவில்லை. இரண்டு நாள் ஆம்பைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். கடைசியில் சுவர் பாயிண்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் மீட்டரை வைத்தால் 60 வோல்ட். நாலைந்து வோல்ட்டுக்கு மேல் இருக்கவே கூடாது. எர்த் வயரைப் பிடித்துக்கொண்டே வெளியே போனேன். பழைய ஜி.ஐ. தண்ணீர்க் குழாயில் சுற்றிக் கட்டியிருந்தது. அந்தக் குழாய் நாலடி தள்ளி பி.வி.சி.யாக மாறியிருந்தது. மண்ணையே தொடாத எர்த்! பாறை இல்லாத இடமாகத் தேடி, எட்டடிக்குக் குழி எடுத்து, கரியும் உப்பும் போட்டுப் புதுக் குழாய் இறக்கினோம். கரண்ட் கசிந்தால் உடனே லைனை அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் போட வைத்தேன். ஆம்ப் அன்றே அடங்கியது. மைக்கின் வலையைத் தம்பி தொட்டுப் பார்க்கவே தயங்கினான், நான் முதலில் தொட்டேன்.

உங்கள் வீட்டுப் பாயிண்டையும் இப்படி அளந்து பாருங்கள். மீட்டர் சரியாகக் காட்டினாலும் எர்த் நல்லது என்று அர்த்தமில்லை. அது இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு. எர்த் டெஸ்டர் வைத்திருக்கிற எலக்ட்ரீஷியனை ஒரு தடவை கூப்பிடுங்கள். அளவையும், ஹம்மிங் எந்த ஜி என்பதையும் இதன் கீழே எழுதுங்கள், அடுத்து எங்கே கை வைப்பது என்று சொல்கிறேன்.