தலைக்காயம் ஆறியும் சோர்வு தீரவில்லையா?

கேள்வி: என் கணவருக்கு வயது 36. ஒன்றரை வருடம் முன்பு பைக் விபத்தில் தலையில் பலத்த அடிபட்டு ஐசியூவில் இருந்தார். இப்போது ஸ்கேன் நார்மல். ஆனாலும் எப்போதும் அசதி. தாம்பத்தியத்தில் நாட்டமில்லை, தாடிகூட முன்புபோல் வளர்வதில்லை. தைராய்டுக்கு டிஎஸ்எச் மட்டும் பார்த்து நார்மல் என்றார்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டும் பலனில்லை. வேறு காரணம் இருக்குமா?

பதில்: இருக்கலாம், சகோதரி. மனச்சோர்வில் அசதி வரும், ஆசை குறையும். தாடி வளர்வது குறைந்திருக்கிறது என்றால் ஹார்மோனைப் பார்த்தே ஆக வேண்டும்.

மூளையின் அடியில், ஓர் எலும்புக் குழிக்குள் பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. மெல்லிய காம்பு ஒன்றுதான் அதை மூளையோடு இணைக்கிறது. தலை பலமாகக் குலுங்கும்போது அந்தக் காம்பும் அதை ஒட்டிய ரத்தக்குழாய்களும் பாதிக்கப்படலாம். கடுமையான தலைக்காயம் பட்டவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு ஏதாவது ஒரு ஹார்மோன் குறைவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஸ்கேனில் இது தெரியாமலே போகலாம்.

தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் ஹார்மோனைச் சுரப்பதே பிட்யூட்டரிதான். அது பழுதானால், தைராய்டு ஹார்மோன் குறைந்திருந்தும் டிஎஸ்எச் நார்மலாகவே காட்டலாம். அதனால் ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோனையே அளக்கும் ஃப்ரீ டி4 டெஸ்டையும் சேர்த்துப் பாருங்கள். அதைவிட முக்கியம் காலை 8 மணி கார்டிசால்; பிட்யூட்டரியின் தூண்டுதலால் அட்ரினல் சுரப்பி தரும், உயிர்காக்கும் ஹார்மோன் இது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனும் காலையில், வெறும் வயிற்றில். பிட்யூட்டரி சுரக்கும் எல்எச், எஃப்எஸ்எச், புரோலாக்டின் ஹார்மோன்களையும் ரத்தத்தின் சோடியம் அளவையும் பார்த்துவிடலாம். விபத்து நேரத்து டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஒரு எண்டோகிரைனாலஜிஸ்ட்டை (ஹார்மோன் மருத்துவரை) பாருங்கள். மனச்சோர்வு மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தைராய்டும் கார்டிசாலும் இரண்டுமே குறைந்திருந்தால், முதலில் கார்டிசாலைத்தான் சரிசெய்ய வேண்டும். தைராய்டு மாத்திரையை முதலில் தொடங்கினால் உயிருக்கே ஆபத்தாகலாம். யார் அவசரப்படுத்தினாலும் கார்டிசால் ரிசல்ட் வரும்வரை பொறுங்கள்.

குறை உறுதியானால் அந்தந்த ஹார்மோனையே மருந்தாகத் தருவோம். பலருக்கு நல்ல மாற்றம் தெரியும். கார்டிசாலுக்குப் பதிலாகத் தரும் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரையை எழுதிக் கொடுத்தால் ஒருநாளும் திடீரென நிறுத்தக் கூடாது. காய்ச்சல் வந்தால் அளவை எப்படிக் கூட்டுவது என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் சோம்பேறியாகிவிட்டார் என்று வீட்டில் யாராவது சொன்னால், தயவுசெய்து தடுத்துவிடுங்கள். அது அவர் கையில் இல்லை.

டெஸ்டுக்கு முன்பே வாந்தி, மயக்கம், கடும் தளர்ச்சி வந்தால் உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள். 'தலையில் அடிபட்டவர், கார்டிசால் குறைவாக இருக்கலாம்' என்று அங்கே முதலிலேயே சொல்லிவிடுங்கள்.