விந்துப் பரிசோதனை சரி, கரு இரண்டு முறை கலைந்தது: டிஎன்ஏ சோதனை தேவையா?

செய்துகொள்ளுங்கள். குழந்தையின்மைக்கான முதல் கட்டப் பரிசோதனையில் விந்தணு டிஎன்ஏ சிதைவுச் சோதனை அவசியமில்லை; ஆனால் கரு மீண்டும் கலைந்திருக்கிறது என்கிறீர்களே, அங்கேதான் இதற்கு வேலை. வழக்கமான பரிசோதனை எண்ணிக்கை, அசைவு, வடிவம் ஆகியவற்றைத்தான் பார்க்கும். நன்றாக நீந்தும் அணுவுக்குள்ளும் டிஎன்ஏ இழை அறுந்திருக்கலாம்.

இப்படிச் சிதையக் காரணமாக எனக்கு முதலில் தோன்றுவது வெரிகோசில், அதாவது விதைப்பைச் சிரைகளின் வீக்கம். நின்ற நிலையில் பரிசோதிக்கச் சொல்லுங்கள். படுத்தால் தெரியாமல் போகலாம்.

கடைசியாக விந்து வெளியேறியதற்கும் மாதிரி கொடுப்பதற்கும் நடுவே நீண்ட இடைவெளி விடாதீர்கள், சிதைவு கூடும். அண்மையில் கடும் காய்ச்சல் வந்திருந்தால் 3 மாதம் பொறுங்கள். புதிய அணுக்கள் உருவாகி வெளிவர ஏறத்தாழ அவ்வளவு காலம் ஆகும்.

சிதைவு அதிகம் என்று வந்தாலும் மனம் உடைய வேண்டாம். ஆய்வகத்துக்கு ஆய்வகம் முறையும் வரம்பும் மாறும். மனைவிக்கான பரிசோதனைகளை மட்டும் இதற்காக நிறுத்திவிடாதீர்கள்.