வாசகர் கேள்வி: இரட்டைச் சூரியன்கள்

கேள்வி: என் தம்பி விளையாடும் விண்வெளி வீடியோ கேமில் இரண்டு சூரியன்கள் அருகருகே அசையாமல் நிற்கின்றன. உண்மையில் இப்படி இருக்குமா, ஐயா? – ஒரு வாசகி, அட்டன்

பதில்: இரட்டை விண்மீன்கள் உண்மையில் ஏராளமாக உண்டு, ஆனால் அவை ஒருபோதும் அசையாமல் நிற்பதில்லை. இரண்டும் பொதுவான ஈர்ப்பு மையம் ஒன்றைச் சுற்றிக்கொண்டே இருக்கும். 4.37 ஒளியாண்டு தொலைவிலுள்ள ஆல்ஃபா சென்டாரியின் இரு பெரிய விண்மீன்கள் ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ 80 ஆண்டுகள் எடுப்பதால், ஒரு மாலை விளையாட்டில் அவை நின்றதுபோலத் தெரிவது பெரும் பிழையன்று.

மாறாக, கெப்ளர்-16 என்ற இரட்டை விண்மீன் தொகுதியின் இரு விண்மீன்களும் 41 நாட்களில் ஒன்றையொன்று சுற்றிவிடுகின்றன. 2011 இல் அறிவிக்கப்பட்ட, சனியையொத்த பருமனுள்ள அதன் கோள், அவ்விரண்டையும் 229 நாட்களில் வலம் வருகிறது. அத்தகைய கோளின் வானில் இரு சூரியன்களும் நாளுக்கு நாள் நெருங்கியும் விலகியும், சில வேளை ஒன்றையொன்று மறைத்தும் தோன்ற வேண்டும். பொருட்களுக்கு இரு நிழல்கள் விழ வேண்டும். கேமில் நிழல் ஒன்றுதானா என்று தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். நான் முதலில் கவனிப்பது அதைத்தான்.

2014 இல் வெளிவந்த ‘எலைட் டேஞ்சரஸ்’ கேமில் இத்தகைய சுற்றுப்பாதைகள் அக்கறையோடு கணிக்கப்பட்டிருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

சித்திரையில், பருவமழைக்கு முன், முகிலற்ற நள்ளிரவில் தெற்கே தேயிலை மலைமுகட்டுக்கு மேலே பாருங்கள். வெறுங்கண்ணுக்கு ஒற்றைப் புள்ளியாக ஒளிரும் ஆல்ஃபா சென்டாரி, சிறிய தொலைநோக்கியில் இரண்டாகப் பிரிந்து தெரியும்.