மார்க்கமில் ஜியோதெர்மல் பில்: கோடையிலும் ஏன் அதே தொகை?

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் எழுதிவிடுகிறேன். கோவையிலிருந்து கனடா வந்து, டொராண்டோவுக்குப் பக்கத்தில் மார்க்கமில் புதிய டவுன்ஹவுஸ் ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறீர்கள். ஹைட்ரோ பில், அதாவது மின்சார பில், தனியாக வருகிறது. அது போக ‘ஜியோதெர்மல்’ என்று, அதாவது மண் வெப்பத்துக்கு, இன்னொரு பில். ஹீட்டரும் ஓடாமல் ஏசியும் ஓடாமல் இருந்த மே மாதத்திலும் ஜனவரியில் வந்த அதே தொகைதான். மீட்டரைத் தேடினால் வீட்டில் எங்கும் இல்லை. “அக்கா, இது ஏமாற்று வேலையா, எங்கே புகார் செய்வது? அடுத்த வருஷம் இதே மாதிரி வீடு வாங்கலாம் என்று இருந்தோம், வாங்கலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏமாற்று இல்லை. ஆனால் அந்தப் பில்லை நீங்கள் கட்ட வேண்டுமா, வீட்டுக்காரர் கட்ட வேண்டுமா என்பதை இன்றைக்கே பாருங்கள். 2018 ஏப்ரல் 30 முதல் ஒன்டாரியோவில் வீட்டு வாடகைக்கு அரசாங்கத்தின் ஒரே மாதிரிப் படிவம்தான். அதில் மின்சாரம், வெப்பம், தண்ணீர் மூன்றுக்கும் யார் பொறுப்பு என்று தனித்தனியாகக் குறிக்க இடம் உண்டு. ‘வெப்பம்’ என்ற வரியில் வீட்டுக்காரர் பக்கம் குறித்திருந்தால் இந்தப் பில் அவருடையது. உங்கள் பக்கம் குறித்திருந்தால், நீங்கள் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு இந்த மாதாந்தரத் தொகை எவ்வளவு என்று உங்களிடம் சொல்லப்பட்டதா என்று யோசியுங்கள். சொல்லியிருக்காவிட்டால் மரியாதையாக எழுத்தில் கேளுங்கள். நான் ஏன் இதை முதலில் சொல்கிறேன் என்றால், அந்தத் தொகையில் பெரும்பங்கு நீங்கள் செலவழித்த வெப்பத்துக்கான விலை இல்லை. நிலத்தில் துளை போட்டதற்கான செலவு. முப்பது வருடக் கணக்கில் திரும்ப எடுக்கப்படும் முதலீட்டை இரண்டு வருடம் குடியிருக்கப்போகிறவர் தாங்குவது நியாயமா என்று வீட்டுக்காரரிடம் பேச உங்களுக்கு இடம் இருக்கிறது.

இங்கே தெற்கு ஒன்டாரியோவில் சில மீட்டர் ஆழத்துக்குக் கீழே மண் வருடம் முழுக்க 9, 10 டிகிரியில் நிற்கிறது. மேலே மைனஸ் 20 அடித்தாலும் சரி, ஜூலையில் 33 கொளுத்தினாலும் சரி. அதற்குள் நூறு, இருநூறு மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு, ‘யு’ வடிவத்தில் பிளாஸ்டிக் குழாயை இறக்கி, உறையாமல் இருக்க மருந்து கலந்த தண்ணீரைச் சுற்ற விடுகிறார்கள். இதைத்தான் லூப் என்கிறோம். உங்கள் பேஸ்மென்டில் நிற்கும் ஹீட் பம்ப் குளிர்காலத்தில் அந்தத் தண்ணீரிலிருந்து வெப்பத்தை உறிஞ்சி வீட்டுக்குள் ஊதுகிறது. கோடையில் வீட்டு வெப்பத்தை மண்ணுக்குள் தள்ளுகிறது. மார்க்கமிலேயே ஸ்பிரிங்வாட்டர் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்ட வீடுகள் காஸ் இல்லாமல் இப்படித்தான் ஓடுகின்றன. ஓஷாவாவில் ஒன்டாரியோ டெக் பல்கலைக்கழகம் 200 மீட்டருக்கு மேல் ஆழமான நூற்றுக்கணக்கான துளைகளைப் போட்டு இருபது வருடமாகக் கட்டடங்களைச் சூடாக்குகிறது. புதிதாக யாரோ உங்கள் தலையில் கட்டிய பரிசோதனை என்று நினைக்க வேண்டாம்.

இப்போது பணம். நல்ல ஹீட் பம்ப் நான்கு யூனிட் வெப்பம் தந்தால் மூன்று மண்ணிலிருந்து வந்தது, ஒன்று மின்சாரத்திலிருந்து வந்தது. அந்த ஒன்று உங்கள் ஹைட்ரோ மீட்டரில், மணிக்கு மணி பதிவாகி, ஹைட்ரோ பில்லில் வந்துவிடுகிறது. ஆக உங்கள் வெப்பத்துக்கு மீட்டர் இல்லாமல் இல்லை. எந்தப் பகுதிக்கு நீங்கள் பயன்படுத்துவதைப் பொறுத்துச் செலவு ஏறி இறங்குமோ அதற்கு மீட்டர் இருக்கிறது. மண்ணிலிருந்து வரும் மூன்று யூனிட்டுக்கு லூப் கம்பெனிக்குப் புதிதாகச் செலவு ஏதும் கிடையாது. துளைக்கும் குழாய்க்கும் ஒரே தடவை கொட்டிய பணம்தான் எல்லாம். அதனால் அவர்கள் மாதம் ஒரே தொகை வைக்கிறார்கள். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுத்து, முதல் 100 யூனிட் இலவசம் போக ஓடியதற்குக் கட்டிப் பழகியவர்களுக்கு இது உறுத்தத்தான் செய்யும். ஆனால் இந்தப் பில்லை ஃபேனை நிறுத்தியோ விளக்கை அணைத்தோ குறைக்க முடியாது. அந்த முயற்சியில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

‘அப்படியானால் லூப்பிலும் மீட்டர் வைத்துவிட்டால் நியாயமாக இருக்குமே’ என்று தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் அதுதான் எண்ணம். வெப்ப மீட்டர் எப்படி அளக்கிறது என்று தெரிந்த பிறகு அவ்வளவு எளிதாகச் சொல்வதில்லை. அந்த மீட்டர் வெப்பத்தை நேரடியாகப் பார்ப்பதே இல்லை. குழாயில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று ஒரு கருவி பார்க்கிறது. போகும் குழாயிலும் திரும்பும் குழாயிலும் வெப்பநிலையை இரண்டு சென்சார்கள் பார்க்கின்றன. இரண்டின் வித்தியாசத்தை ஓட்டத்தோடு பெருக்கிக் கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். மணிக்கு 2 கன மீட்டர் ஓடி 3.5 டிகிரி வித்தியாசம் இருந்தால், 2 பெருக்கல் 3.5 பெருக்கல் 1.163, அதாவது சுமார் 8.1 கிலோவாட். அந்த 1.163 வெறும் தண்ணீருக்கான எண். நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

சிக்கல் அந்த 3.5 டிகிரியில் இருக்கிறது. லூப்பில் வித்தியாசம் எப்போதுமே சிறியது. இரண்டு சென்சார்களுக்கு இடையே 0.3 டிகிரி பிசகினால் பில்லில் எட்டு, ஒன்பது சதவீதம் பிசகும். இரண்டாவது, உறையாமல் இருக்கக் கிளைகால் கலந்த தண்ணீர் வெறும் தண்ணீர் அளவுக்கு வெப்பம் சுமக்காது. மீட்டரில் ‘தண்ணீர்’ என்றே அமைத்து விட்டுவிட்டால், வராத வெப்பத்துக்கும் சில சதவீதம் சேர்த்துக் கட்டுவீர்கள்.

மூன்றாவதுதான் பலருக்கும் கண்ணில் படாத விஷயம்: மீட்டர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்பது. ஹீட் பம்புக்கும் மண்ணுக்கும் நடுவில் இருந்தால், குளிர்காலத்தில் வீட்டுக்கு வந்த நான்கு யூனிட்டில் மூன்றைத்தான் அது காட்டும். கோடையில் தலைகீழ். வீட்டிலிருந்து ஐந்து யூனிட் வெப்பத்தை வெளியே எடுக்க ஹீட் பம்புக்குள் இருக்கும் கம்ப்ரஸர் ஒரு யூனிட் மின்சாரம் எடுத்துக்கொண்டால், மண்ணுக்குள் போவது ஆறு. மீட்டர் ஆறு என்று காட்டும். உங்களுக்குக் கிடைத்த குளிர்ச்சி ஐந்துதான். அந்த ஆறாவது யூனிட்டுக்கு ஹைட்ரோவிலும் கட்டி, லூப் பில்லிலும் கட்டுவீர்கள். வீட்டுப் பக்கம், அதாவது ஹீட் பம்பைத் தாண்டி மீட்டர் இருந்து, கம்ப்ரஸர் மின்சாரத்தையும் கம்பெனியே கட்டினால்தான் ‘யூனிட்டுக்கு இவ்வளவு’ என்ற விலைக்கு முழு அர்த்தம். ஆகவே யாராவது “எங்கள் வெப்பம் யூனிட் இத்தனை சென்ட்தான்” என்று சொன்னால், மீட்டர் எங்கே, கம்ப்ரஸர் கரண்ட் யார் கணக்கில் என்ற இரண்டையும் கேட்காமல் அந்த எண்ணை எதனோடும் ஒப்பிடாதீர்கள்.

கொண்டோ எனப்படும் அடுக்குமாடி வீடுகளில், மீட்டர் வீட்டுப் பக்கம் இருக்கும் இந்த வகையைப் பார்க்கலாம். கீழே ஒரே இடத்தில் பெரிய ஹீட் பம்புகள், அங்கிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் சூடான அல்லது குளிர்ந்த தண்ணீர், வீட்டுக்கு ஒரு வெப்ப மீட்டர். நான் முன்பு ஸ்காபரோவில் அப்படி ஒரு கொண்டோவில் இருந்தேன். தேர்மோஸ்டாட்டை அணைத்து வைத்த மாதங்களிலும் வெப்பக் கணக்கு வந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் இரவு எல்லாவற்றையும் அணைத்து, மீட்டரின் எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு காலையில் பார்த்தால் எண் ஏறியிருந்தது. வீட்டுக்குள் சூடான காற்றை ஊதும் ஃபேன் காயில் பெட்டியின் வால்வு முழுதாக மூடவில்லை. சுடுதண்ணீர் சும்மாவே சுற்றி வந்திருக்கிறது. படத்தைக் காட்டிய பிறகு வால்வை மாற்றினார்கள், கூடுதலாக வாங்கியதில் ஒரு பகுதியைத் திருப்பியும் தந்தார்கள். வாயால் சொல்லியபோது யாரும் காது கொடுக்கவில்லை, தேதியுடன் இருந்த படம்தான் வேலை செய்தது. வெப்ப மீட்டர் உள்ள வீட்டுக்கு நீங்கள் எப்போது மாறினாலும் குடிபுகும் அன்றே ரீடிங்கைப் படம் எடுங்கள். பட்டனை அழுத்த அழுத்த வெப்பம், குளிர்ச்சி, ஓட்டம், இரண்டு வெப்பநிலைகள் என்று வரிசையாகக் காட்டும். சில மீட்டர்கள் ஜிகாஜூலில் காட்டும். ஒரு ஜிகாஜூல் சுமார் 278 யூனிட்.

சரி, புகார் எங்கே என்று கேட்டீர்கள். மின்சாரத்துக்கும் காஸுக்கும் ஒன்டாரியோ எனர்ஜி போர்டு விலையைக் கட்டுப்படுத்துகிறது. மண் வெப்பத்துக்கு அப்படி விலை நிர்ணயம் கிடையாது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் சட்டம். இது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. இருபது வீட்டுக்கு ஒரே லூப், வேறு கம்பெனிக்கு மாறவும் வழியில்லை என்ற இடத்தில் ஒரு கண்காணிப்பு இருக்கவே வேண்டும். இப்போதைக்குக் கம்பெனியிடம் எழுத்தில் கேட்பது, பிறகு மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவு, இந்த இரண்டும்தான் வழி.

உங்கள் கையில் இருப்பது ஹைட்ரோ பில். அங்கே நிஜமாகவே மிச்சம் பிடிக்கலாம். இரவில் 16க்கு இறக்கிவிட்டு காலையில் 22க்கு ஏற்றும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் விடுங்கள். காஸ் ஃபர்னஸுக்கு அது பொருந்தும். ஹீட் பம்ப் மெதுவாகத்தான் ஏற்றும். அவசரப்படுத்தினால் உள்ளே இருக்கும் மின்சாரக் கம்பிச் சுருள் கை கொடுக்க வருகிறது. தேர்மோஸ்டாட்டில் ‘ஆக்ஸ்’ என்று தெரியும். அது ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரே யூனிட் வெப்பம்தான் தரும், நான்கு இல்லை. ஒரே வெப்பநிலையில், அதிகம் போனால் ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசத்தில் வைத்திருங்கள். பிப்ரவரியில் ஆக்ஸ் அடிக்கடி எரிந்தால் வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள். ஃபில்டரை மாற்றுங்கள். இது சின்ன விஷயம்தான், ஆனால் அடைத்த ஃபில்டர் பம்பைத் திணறடிக்கும்.

அப்புறம் ஹைட்ரோ விலைத் திட்டம். 2023 மே முதல் இரவு 11 மணியிலிருந்து காலை 7 வரை மிக மலிவான விலை தரும் திட்டம் ஒன்று இருக்கிறது. மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு அருமையானது. ஆனால் அதே திட்டத்தில் வார நாட்களில் மாலை 4 முதல் 9 வரை விலை பலமடங்கு. பிள்ளைகள் வீட்டுக்கு வந்து, சமையல் நடந்து, ஹீட் பம்பும் ஓடும் நேரம் அதுதான். மின்சாரக் கார் இல்லாத உங்கள் குடும்பத்துக்கு, நேரத்துக்கு நேரம் விலை மாறும் சாதாரணத் திட்டமே போதும் என்பது என் கருத்து. குளிர்காலத்தில் அதில் வார நாட்களில் காலை 7 முதல் 11 வரையும் மாலை 5 முதல் 7 வரையும் விலை உச்சம். துவைப்பதையும் பாத்திர மெஷினையும் இரவு ஏழுக்குப் பிறகு தள்ளிவிடுங்கள்.

வாங்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டு பில்லையும் சேர்த்து ஒரு வருடத்துக்குக் கூட்டாமல் லாபமா நஷ்டமா என்று சொல்லவே முடியாது. கணக்குக்காக ஒரு வீட்டுக்கு வருடம் 10,000 யூனிட் வெப்பம் வேண்டும் என்று வைப்போம். நல்ல காஸ் ஃபர்னஸில் அது சுமார் 1,000 கன மீட்டர் காஸ். ஹீட் பம்பில் 2,500 முதல் 3,000 யூனிட் மின்சாரம். அதோடு லூப் தொகையை பன்னிரண்டால் பெருக்கிக் கூட்டுங்கள். காஸ் பக்கம் மாதாந்தர இணைப்புக் கட்டணத்தையும் தனி ஏசியின் விலை, மின்சாரத்தையும் கூட்டுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் காஸ் பில்லில் கார்பன் கட்டணம் இல்லை என்பதால் பழைய ஒப்பீடுகளை நம்பாதீர்கள். பல வீடுகளில் காஸ்தான் இன்றைக்குப் பணத்தில் மலிவாக வரும். நான் மண் வெப்பத்தைத்தான் விரும்புகிறேன். வீட்டுக்குள் எரிவது எதுவும் இல்லை, வெளியே இரைச்சலாக ஏசிப் பெட்டி இல்லை, குளிர் எவ்வளவு ஏறினாலும் மண் ஒரேயடியாக உறைந்துவிடுவதில்லை. ஆனால் மலிவு என்று சொல்லி உங்களை வாங்க வைக்க மாட்டேன்.

ஒப்பந்தத்தில் நீங்கள் விரல் வைத்துப் படிக்க வேண்டிய வரி, ஆண்டுதோறும் எவ்வளவு ஏறும் என்பது. மாதம் 100 டாலர் வருடத்துக்கு 3 சதவீதம் ஏறினால் பத்து வருடத்தில் 134, இருபதில் 181, முப்பதில் 243. 2 சதவீதமாக இருந்தால் முப்பதாவது வருடத்திலும் 181தான். விலைவாசிக் குறியீட்டோடு கட்டியிருந்தால் உச்சவரம்பு உண்டா என்று பாருங்கள். அதற்கு மேல் 13 சதவீத எச்.எஸ்.டி. விற்பனை வரி. ஹீட் பம்ப் யாருடையது, கெட்டுப்போனால் யார் மாற்றுவது, வாடகைக்கு என்றால் அதற்கு மூன்றாவது பில் வருமா, நடுவில் மொத்தமாகக் கட்டி விடுபட முடியுமா, வீட்டை விற்றால் வாங்குகிறவர் இதை ஏற்றே ஆக வேண்டுமா என்பதையும் பாருங்கள். ஃபர்னஸ், ஏசி வாடகைக் கம்பெனிகள் வீட்டுப் பத்திரத்தில் பாத்தியதை பதிந்து மக்களைப் படாதபாடு படுத்தியதால் 2024 ஜூனில் மாகாணம் அத்தகைய பதிவுகளைத் தடைசெய்தது. லூப்போ நிலத்துக்குள் இருக்கிறது, அதற்கான உரிமையை வேறு விதமாகவும் பதியலாம். அதனால் ‘இனிமேல் அப்படி எதுவும் கிடையாது’ என்று விற்பனையாளர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், பத்திரத்தில் என்ன பதிந்திருக்கிறது என்று உங்கள் வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள். புதுக் கொண்டோ என்றால் ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகு விலக உங்களுக்குப் பத்து நாள் இருக்கிறது. ஜியோதெர்மல் ஒப்பந்தம் அந்தக் கட்டின் கடைசிப் பக்கங்களில் இணைப்பாக இருக்கும். வழக்கறிஞரிடம் கொடுக்கும்போது அதைத் தனியாக எடுத்து மேலே வைத்துக் கொடுங்கள்.